வேலிப் பக்கம் ஒரு விரல்

வேலிப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை விட்டிருந்தோமா, இல்லையா? தாணுலிங்கத்துக்கு அது மட்டும் ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் கூப்பிடாமலே வந்து நிற்கிறது. கத்தியின் கறுப்புப் பிடி வருகிறது, அது வெங்காயம் நறுக்குகிற கத்தி என்பது வருகிறது, மரத்தடியில் முட்டி போட்டபோது வேட்டியில் ஏறிய ஈரம்கூட வருகிறது. கத்தி வேலிப் பக்கம் வந்து நின்றதா, இல்லை சுற்றிக்கொண்டு போய் முதல் வெட்டோடு சேர்ந்துவிட்டதா என்பது மட்டும் வரவில்லை. மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மடியில் மகள் சுபஜாவின் குழந்தை, குளித்த சூட்டில் கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தது. சுபஜா மாடியில் தூங்குகிறாள். பாவம், ராத்திரி முழுக்க முழிப்பு. மருமகன் பூபதி அடுக்களையில் தோசைக்கல்லைப் போட்டிருக்கிறான். இப்போதுதான் பின்வாசல் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டுப் போனான். “மாமா, அந்த மரத்துல கட்டியிருக்கிற துணிய இன்னைக்கு அவுத்துடலாங்களா? ஈரம் உள்ளயே நின்னா பட்டை கெட்டுப் போயிருமுங்க. நீங்களே அவுத்துடுங்க. நான் தோசை ஊத்திட்டு வந்தர்றேன்.” சரி என்று தலையாட்டியாயிற்று. தலையாட்டாமல் என்ன செய்வது? அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கிழிந்த வேட்டித் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த அமெரிக்காவிலேயே தெரிந்த ஒரே ஆள் தாணுலிங்கம்தான். பத்துத் தோசை ஊற்றுவானா? ஊற்றட்டும். மாவு நிறைய இருக்கட்டும் கடவுளே.

சிரட்டை மாதிரி ஒரு பூந்தொட்டித் தட்டில் கரித்துண்டு கனிந்துகொண்டிருந்தது. ஒரு சிட்டிகை சாம்பிராணியை எடுத்துப் போட்டார். புகை எழுந்து முதலில் அவர் மூஞ்சிக்குத்தான் வந்தது, வரட்டும், அந்த மூஞ்சிக்கு இது போதாது. குழந்தையின் தலையைக் கையில் ஏந்திப் புகைக்கு மேலே காட்டி, முகத்துப் பக்கம் வராமல் உள்ளங்கையால் விசிறினார். மனைவி பகவதி இருந்தால் இதையெல்லாம் அவள் செய்திருப்பாள். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அப்பன் வருகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? குலசேகரத்தில் விமானத்துக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே சிரித்தாள். “அண்ணா, நீங்க போயி என்னத்த செய்யப் போறிய?” பகவதி போய்ச் சேர்ந்துவிட்டாள், வேறு யார் போவார்கள்? மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார். சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, வசம்பு, காயம், எல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டினார். சாம்பிராணியை விட்டுவிட்டார். முப்பது வருஷம் பகவதியின் தலைமுடியிலும் சேலையிலும் இருந்த வாசம், ஆனாலும் அது வாங்க வேண்டிய ஒரு சாமான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. பிள்ளை குளித்தால் வீடு மணக்கும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பேறுகாலம். இங்கே வந்து பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது, மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். “அப்பா, சாம்பிராணி?” என்று கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை. அம்மா என்றால் மறந்திருக்க மாட்டாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் போய்க் குத்தியது. இந்தியக் கடையில் கிடைத்த கப் சாம்பிராணியைக் கொளுத்திப் பார்த்தார்கள். பகவதியின் வாசம் அதில் வரவில்லை, வெறும் கரிப்புகைதான். கூரையில் மாட்டியிருந்த கருவி ஊரே கூடுகிற மாதிரி அலறிற்று. எதிர்வீட்டு வெள்ளைக்காரி கேரல் அம்மாள் தீ என்று நினைத்து ஒரு கம்பளியோடு ஓடி வந்தாள். தாணுலிங்கம் கையில் புகையும் கப்போடு நடுக்கூடத்தில் நின்றார். அன்றைக்குப் பட்ட வெட்கம் ஒரு வெட்கமா? அதற்கப்புறம் செய்ததைப் பார்த்தால் அது வெறும் சிரிப்பு.

வந்த புதிதில் பூபதிக்கு மாமனாரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மாமனாருக்கும்தான். அதனால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான். கோபிச்செட்டிபாளையத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை, இவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று தாணுலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். “இதுதாங்க மாமா ஸ்னோபெல். வெள்ளை வெள்ளையா மணியாட்டம் பூக்கும். பூவெல்லாம் கீழ பாத்துத் தொங்குமுங்க. அதான் மேட்டுல வச்சு, அடியில பெஞ்சு போட்டேன். அண்ணாந்து பாத்தாத்தான் அழகு. புளிப்பு மண்ணு வேணும், அதுக்குத்தான் பைன் ஊசியாக் கொட்டி வச்சிருக்கேன். காலைல வெயிலு, மத்தியானம் நெழலு.” விதையிலிருந்து வளர்த்ததாம். விதைக்கு முதலில் சூடு வேண்டும், பிறகு குளிர் வேண்டும், ஈர மணலில் பொதிந்து குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தானாம். முதல் வருஷம் முளைக்கவே இல்லை, தூக்கிப் போடச் சுபஜா சொன்னாளாம், இவன் போடவில்லையாம். இப்போது முன்கைக் கனம் வந்திருக்கிறது. போன வருஷம் நாலைந்து பூ, அவ்வளவுதான். கடைசியில் பேச்சுக்குப் பேச்சாக ஒன்று சொன்னான். “நம்ம சாம்பிராணி இருக்குதில்லீங்களா மாமா, அது எடுக்குற மரமும் இதும் ஒரே குடும்பம்.” தாணுலிங்கம் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ அப்போது வாயை விட்டுப் போனது, மண்டையை விட்டுப் போகவில்லை. ஒரே குடும்பம் என்றால் பாலும் ஒன்றுதானே என்று நினைத்தார். நினைத்தது யார்? முப்பது வருஷம் ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டு சூப்பர்வைசராக இருந்த மனுஷன்.

அது நடந்தது சுபஜாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு. பூபதி அவளோடு போய்விட்டான். “நீங்க வீட்ல இருங்க மாமா, அங்க ஒருத்தரத்தான் விடுவாங்க.” வீட்டில் இரு என்றால் எப்படி இருப்பது? டிவி போடத் தெரியாது, அடுப்பைப் பற்ற வைக்க நாலு பித்தானை அமுக்க வேண்டும், போன் அடிக்காதா என்று அதையே பார்த்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். பகவதி சுபஜாவைப் பெற்றபோதும் இப்படித்தான், ஆனால் அப்போது ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை இருந்தது, பேச ஆள் இருந்தது. இங்கே மழை மட்டும்தான் தூறிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பிள்ளை வீட்டுக்கு வரும்போது சாம்பிராணி இருக்க வேண்டும், பகவதி இருந்தால் இருக்கும், ஆகவே இருக்கத்தான் வேண்டும், இதுதான் அப்போது நியாயமாகப் பட்டது. வெங்காயக் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சரிவாக, ரப்பருக்கு வெட்டுகிற மாதிரியே, பாதிச் சுற்று. அடியில் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த மருந்துக் கோப்பையைச் செருகினார். ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்சம் ஈரம், அது மழையாகவும் இருக்கலாம். மறுநாள் காலையிலும் போன் வரவில்லை. பயம் கூடக் கூடக் கத்தி ஆழமாகப் போனது. அந்தப் பக்கம் வெட்டினார். அப்புறம் இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம். பட்டை சீனிக்கிழங்குத் தோல் மாதிரி மெல்லிசு, ரப்பர் என்று நினைத்து அழுத்தினால் நேரே உள்ளே இருக்கிற தடியில், வெறும் மரக்கட்டையில் போய் முட்டுகிறது. முட்டியது தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. ஏதோ அந்த மரம் வேண்டுமென்றே தர மறுக்கிற மாதிரி, மகளையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. போன் அடித்தது. பெண் பிள்ளை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மாமா என்றான் பூபதி. அழுதுகொண்டே வெளியே வந்து மரத்தைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். வெள்ளை வெளேரென்று தடி தெரிந்தது, துணி விலகிய உடம்பு மாதிரி. அவருக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

வேலிப் பக்கம். அங்கே ஒரு விரல் அகலமாவது விட்டிருந்தால் போதும். வேலிக்கும் மரத்துக்கும் நடுவில் கை மட்டும்தான் போகும், தலை போகாது, அதனால்தான் அந்தப் பக்கம் என்ன வெட்டினோம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருக்கும். கை சொல்ல மாட்டேன் என்கிறது. அதற்கு முந்தின வாரம்தான் சாப்பாட்டு மேசையில் பூபதிக்கு வகுப்பு எடுத்தார். பேச்சுக்கு வேறொன்றும் கிடைக்காததால் எடுத்த வகுப்பு, ஆனாலும் என்ன மிடுக்கு! “பால்வெட்டுன்னா சும்மா இல்ல கேட்டியளா. பாதி மரத்தத்தான் தொடணும். சுத்தி வெட்டினா மரம் பட்டுப் போவும். ஒரு விரல் அகலம் பட்டை மிச்சம் இருந்தாக்கூடப் போரும், பொழச்சிரும். தடியில கத்தி பட்டா நான் அவனை வேலைக்கு வச்சிருக்க மாட்டேன்.” பூபதி கையை எச்சிலாக வைத்துக்கொண்டு கேட்டான், தோசை காய்ந்து போனதுகூடத் தெரியாமல். மண்ணு தெரியாத பய என்று இவர் நினைத்துக்கொண்டிருந்த பய, வாத்தியார் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒட்டு வைத்தால் பிழைக்கும் என்பது அவருக்குத் தெரியும். எஸ்டேட்டில் எத்தனை கன்றுக்கு ஒட்டுக் கட்டிய கை! மேலேயும் கீழேயும் பட்டையைக் கீறி, அதே மரத்துக் குச்சியைப் பாலம் மாதிரிச் செருகிக் கட்டினால், சாறு குச்சி வழியாக ஏறி இறங்கிக் கொள்ளும். ஆனால் உடனே செய்ய வேண்டும். செய்ய வேண்டுமானால் பூபதியிடம் சொல்ல வேண்டும், நாடாவும் மெழுகும் அவனிடம் கேட்க வேண்டும். அவர் என்ன செய்தார்? பழைய வேட்டியைக் கிழித்து மரத்தில் சுற்றிக் கட்டினார். மரம் சாகட்டும், மானம் நிற்கட்டும் என்று. அப்படி நினைக்கவில்லை, ஆனால் கட்டியது அதற்குத்தான்.

நின்றதா மானம்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய சுபஜா, முதலில் அந்தத் துணியைத்தான் பார்த்தாள். “என்னப்பா இது?” வாயில் வந்ததைச் சொன்னார். “பிள்ளைக்கும் வீட்டுக்கும் கண்ணேறு படப்பிடாது, அதுக்காக்கும்.” பொய் எவ்வளவு லேசாக வந்தது! வந்தது மட்டுமா, பூஜையும் வாங்கிக்கொண்டது. சுபஜா கண் கலங்கினாள். அம்மா செய்வதை அப்பா நினைத்து வைத்துச் செய்கிறாரே என்று நினைத்தாள் போலிருக்கிறது. மறுநாள் மஞ்சள் கரைத்து வந்து துணியில் தொட்டு வைத்துக் குங்குமமும் வைத்தாள். போட்டோ பிடித்து ஊரெல்லாம் அனுப்பினாள். நாகர்கோவிலிலிருந்து ஒரு சித்தி, தாணு அத்தானுக்கு இவ்வளவு பக்தி உண்டா என்று பதில் போட்டாள். எதிர்வீட்டுக் கேரல் விவரம் கேட்டு, புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு, மறுநாள் ஒரு நீல நாடாவைக் கொண்டு வந்து அவளும் கிளையில் கட்டிவிட்டுப் போனாள், அவள் பேரனுக்குப் பரீட்சையாம். தாணுலிங்கம் கைகூப்பி நின்றார். கூப்பாமல் என்ன செய்வது, பூசாரி ஆகிவிட்டாரே. சாமி நம்பிக்கை இல்லாத பூபதிகூட, “மாமா கட்டினது, இருக்கட்டும்” என்றுதான் சொன்னான். அவன் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கிளைகளை அண்ணாந்து பார்த்தான். அடுத்த நாள் மேலே நாலைந்து குச்சியை நறுக்கியிருந்தான், காற்றோட்டத்துக்கு என்றான். அதே வாரம் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது, நல்ல சாம்பிராணி, பிசின் கட்டி கட்டியாக. “ஆன்லைன்ல கிடைச்சுதுங்க மாமா. வெளிய வச்சுப் புகை போட்டா அலாரம் அடிக்காது. இது சுமத்ரா பக்கத்து மரத்துல எடுக்குறது. நம்ம மரத்துல ஒண்ணும் வராதுங்க, பூ மட்டும்தான்.” இதைச் சொல்லும்போது அவன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான், முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

புகை இளைத்துவிட்டது. இன்னொரு சிட்டிகை போட்டார். அடுக்களையில் தோசை சுடுகிற சத்தம் கேட்டது, ஒன்று, அடுத்தது. அண்ணாந்து பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டார். மரம் பூத்துக் கொட்டியிருந்தது. இலைக்கு அடியில் வரிசை வரிசையாக வெள்ளை மணிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் நாக்கு, தேனீ ஒன்று தலைகீழாக நுழைந்து வெளியே வந்தது. லேசான வாசம், குனிந்தால் போய்விடுகிறது, நிமிர்ந்தால் வருகிறது. “இந்த வருஷம் மாதிரி பூத்ததே இல்லீங்க மாமா. உங்க கைராசி” என்று பூபதி நேற்றுச் சொன்னான். கைராசி! பட்டுப் போகப் போகிற மரம் கடைசியாகப் பூத்துத் தள்ளும் என்று எஸ்டேட்டில் பால்வெட்டுக்காரர்கள் சொல்லுவார்கள். உண்மையோ பொய்யோ, அந்தப் பேச்சைத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பூ காம்பு விட்டுப் பொத்தென்று குழந்தையின் துண்டில் விழுந்தது. இந்த மரத்தில் பூ இதழ் இதழாக உதிர்வதில்லை, முழுப் பூவாக விழுகிறது. இன்னொன்று அவர் தலையில். தட்டிவிடக் கை எழுந்தது, எழுந்த கை அப்படியே நின்றது. முந்தாநாள் சுபஜா இதே பெஞ்சில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாளே, அந்தக் கதை. சொன்னவளுக்கு அது கதை.

“இது எந்த மரத்து விதைன்னு தெரியுமாப்பா?” என்றாள். அவர்கள் ரெண்டு பேரும் இங்கே பதிவு பண்ணிக் கல்யாணம் செய்த அன்றைக்கு, ஆபீஸ் வாசலில் நடைபாதையில் ஒரு ஸ்னோபெல் மரம் நின்றதாம். உள்ளே கையெழுத்துப் போட்டு வந்தபின் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று அதன் அடியில் நின்றார்களாம். கூட யாரும் இல்லை. போட்டோ எடுக்க வழியில் போன ஒருத்தரைக் கூப்பிட்டார்களாம். “காத்தடிச்சு அப்படியே பொலபொலன்னு எங்க தலையில பூ கொட்டிச்சு. அட்சதை போட ஆளில்லாம இருந்துச்சா, மரமே போட்டுது. இவரு அங்கேயே தீர்மானிச்சாரு, இங்க மழை தொடங்குறதுக்கு முந்தித் திரும்பப் போய் விதை பொறுக்கிட்டு வந்தாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அட்சதை போட ஏன் ஆளில்லை என்று அவள் சொல்லவில்லை. அதையும் சொல்லவில்லை. அவளுக்கு எத்தனை சொல்லாமல் விடத் தெரிந்திருக்கிறது! எஸ்டேட்டில் வேலை, லீவு கிடையாது என்று அன்றைக்கு இவர் போனில் சொன்னார். எஸ்டேட்டில் அது மழைக்காலம், பால்வெட்டே கிடையாது, பகவதி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேறு ஜாதிப் பையன், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள். சொந்தக்காரர்கள் இப்போது போட்டோவுக்குப் பூப்படம் அனுப்புகிறார்கள். அவர் போட வேண்டிய அட்சதையை ஒரு மரம் போட்டது, அந்த மரத்துப் பிள்ளையைத்தான் அவர் வெங்காயக் கத்தியால் அறுத்தார். இதை எங்கே கொண்டு போய் வைப்பது? பகவதி சாவுக்குப் பூபதி வந்திருந்தான், விமானம் மாறி மாறி, ரெண்டு நாள் தாடியோடு. முற்றத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் தனியாக நின்றான். யாரோ கேட்டார்கள், அது யாரு தாணு? “சுபஜா கூட வந்த ஆளு” என்றார். மருமகன் என்ற சொல் வாயில் வரவில்லை. இங்கே வந்தும் வரவில்லை. ஊரில் தெருப் பிள்ளையைக்கூட மக்ளே என்றுதான் கூப்பிடுவார், மரம் வெட்ட வருகிறவனும் மக்ளேதான், இவனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பாடு ஆச்சா, ஆபீஸ் போயாச்சா, மழை வருது, இப்படி ஆளைத் தொடாமலே பேசி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். அவனோ வாய்க்கு வாய் மாமா.

இப்போதே உள்ளே போய்ச் சொல்லிவிட்டால் என்ன? தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று, நான் உன் மரத்தைக் கொன்றுவிட்டேன் என்று. சொல்லிவிட்டு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? ஊருக்குத் திரும்ப இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறது, ரெண்டு வாரமும் அவன் ஊற்றுகிற தோசையைத்தானே தின்ன வேண்டும். அணில் கடித்தது என்று சொல்லலாம். மான் கொம்பு உரசியது என்று சொல்லலாம், இங்கே மான் தெருவிலேயே நடக்கிறது. சே, துணியைக் கட்டியது யார், மானா? துணிக்கு அடியில் பூச்சி அரித்துவிட்டது? இப்படி யோசிக்கிற இந்த மண்டையை எதில் முட்டுவது? வேலிப் பக்கம் ஒரு விரல் இருந்தால். இருந்தால் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால்? இல்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும், அது தெரிகிறது, ஆனால் விரல் இருந்தால் சொல்ல வாய் வரும். குழந்தை தும்மியது. சின்னத் தும்மல், மூஞ்சியெல்லாம் சுருங்கி விரிந்தது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார், யாருக்குச் சொன்னாரோ. எழுந்து குழந்தையைத் தள்ளுவண்டியில் கிடத்தி, வலையை இழுத்துவிட்டார். கரியின் மேல் மண்ணை அள்ளிப் போட்டார். இதற்கு மேல் செய்ய வேறு வேலை இல்லை என்றானபோது மரத்தடியில் முட்டி போட்டார்.

முடிச்சு அவருடையது இல்லை. கை அதில் பட்டதுமே தெரிந்தது. அவர் கட்டினால் இழுத்து இறுக்கி ரெண்டு சுற்று, எஸ்டேட்டில் ஒட்டுக் கட்டிப் பழகிய முடிச்சு. இது இளகலாக, ஒரு பக்கம் இழுத்தால் அவிழ்ந்து வருகிற மாதிரி, ஷூ கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. சுபஜா மஞ்சள் வைக்கும்போது அவிழ்த்துக் கட்டியிருப்பாளோ? இழுத்தார். துணி ஒரு சுற்று வந்தது, ரெண்டாவது சுற்று வந்தது, உள்சுற்றில் மஞ்சளும் இல்லை குங்குமமும் இல்லை. கடைசிச் சுற்று கையோடு வந்தபோது முதலில் அவர் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெட்டு இருந்தது, பழுப்பேறி, அவருடைய வெட்டுதான், அந்தக் கோணல் அவருடையதுதான். வெட்டுக்கு மேலேயிருந்து கீழே, விரல் கனத்தில் ஒரு குச்சி, முனைகள் பட்டைக்குள் செருகி, நாடாவால் சுற்றி, மெழுகு பூசியிருந்தது. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. ஒவ்வொன்றும் லேசாக வெளியே வளைந்து, மரம் பெருத்தால் இடம் வேண்டுமே என்று கணக்குப் பண்ணிச் செய்த வளைவு. ஒன்றில் மொட்டு வெடித்து, வெயில் படாத வெளிறின இலை ரெண்டு எட்டிப் பார்த்தது. காற்றோட்டத்துக்கு நறுக்கின குச்சிகள். அந்த வாரமே செய்திருக்கிறான். அன்றையிலிருந்து இன்று வரைக்கும் காலையும் மாலையும் மாமா மாமா என்று காப்பி கொடுத்தவன் எல்லாம் தெரிந்துதான் கொடுத்திருக்கிறான். தெரிந்துதான் சாம்பிராணி வரவழைத்தான், தெரிந்துதான் துணியைத் திரும்பச் சுற்றி, மஞ்சள் வைத்த பக்கம் முன்னால் வருகிற மாதிரி கட்டினான், கேரல் நாடா கட்டியபோது பக்கத்தில் நின்று சிரித்தான். தெரிந்துதான் இன்றைக்கு, நீங்களே அவுத்துடுங்க என்றான். தாணுலிங்கம் கையை வேலிக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டார். விரல் தடவிக்கொண்டு போயிற்று. பட்டை, வெட்டு, தடி, தடி, தடி, அங்கேயும் ஒரு குச்சி, அதைத் தாண்டியும் தடி, அப்புறம் வெட்டு முதல் வெட்டோடு சேர்ந்தது. ஒரு நூல்கூட விட்டிருக்கவில்லை. சுற்றி வெட்டியிருந்தார். அந்த ஒரு குச்சியை அவ்வளவு இடுக்கில், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், வெறும் விரலால் தடவித் தடவித்தான் செருகியிருக்க வேண்டும். அவர் அழவில்லை. வெட்கத்தில் அழுகை வராது, காது மட்டும் சுட்டது.

கதவு திறந்தது. “மாமா, தோசை ஆறுதுங்க” என்றபடி பூபதி கரண்டியோடு இறங்கி வந்தான். முட்டியிலிருந்து எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவன் கை கொடுக்க வந்து, பிறகு கொடுக்காமல் நின்றான். வேட்டித் துண்டு அவர் கையில் தொங்கிற்று. “நான்தான் வெட்டினேன்” என்றார். செருமிக்கொண்டு திரும்பச் சொன்னார். “சாம்பிராணி வரும்னு நெனச்சு வெட்டினேன். கண்ணேறுன்னு சொன்னது பொய்யாக்கும். நான் ஒங்க மரத்த...” பூபதி அவரைப் பார்க்கவில்லை. தள்ளுவண்டிக்குப் போய்க் குனிந்து, வலை மேல் கிடந்த பூக்களை ஒன்றொன்றாக எடுத்துப் போட்டான். எடுத்து முடித்ததும் சாதாரணமாக, மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னான்.

“வேலிப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டைய விட்டிருந்தீங்க மாமா. பால்வெட்டு தெரிஞ்ச கையில்லீங்களா. அதனாலதான் பொழச்சுது.”

தாணுலிங்கத்தின் விரல் நுனியில் மெழுகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அதைத் தேய்த்தார், போகவில்லை. அவன் இப்போதும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கரண்டியில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

“பொய் சொல்லாத மக்ளே” என்றார்.